ஏரியில் நான் கதைத்த பிரெஞ்சு

எனக்குப் பிரெஞ்சில் நாலு சொல் தெரியும். போன்ஜூர், மெர்சி, மெட்ரோ, தெப்பனர். கடைசியாகச் சொன்னது பால் வாங்குகிற மூலைக்கடை. இந்த நாலையும் வைத்துக்கொண்டு மொன்றியலில் இத்தனை குளிர்காலத்தை ஓட்டியிருக்கிறேன். இவற்றுக்குள் அடங்காத கேள்வியை யாராவது கேட்டால் "ஓம்" என்று தலையாட்டிவிடுவேன். இந்தியாக்காரர் ஆமாம் என்கிற இடத்தில் நாங்கள் சொல்கிற ஓம். அதைக் கேட்டதும் சிலர் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். ஏன் என்று நான் யோசித்ததில்லை.

ஐந்தாவது சொல்லையும் ஆறாவது சொல்லையும் ஒரே நாளில் படித்தேன். வகுப்பில் இல்லை. உறைந்துபோன ஏரியின் மேலே, பல்லோடு பல் அடிபட, என் மருமகன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல் நின்றபோது.

மருமகன் மொன்றியலின் மேற்குப் பக்கம் புவாண்ட்-கிளேரில் ஒரு சாமான் கிடங்கில் வேலை செய்கிறார். கூட வேலை செய்கிற ஒரு ஆள் அவருக்கு இந்த மீன் விசரை ஏற்றிவிட்டான். கோடையில் கரையில் நின்று பாஸ் என்கிற மீனைப் பிடிப்பதோடு அது நின்றிருந்தால் நான் வாயே திறந்திருக்கமாட்டேன். பொரியலுக்கு நல்ல மீன், முள்ளும் குறைவு. ஆனால் ஒரு தை மாதம் மனுசன் சாப்பாட்டுக் கோப்பையில் புட்டைக் குவித்து, பக்கத்தில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றி, அதை ஏரி என்று சொல்லி எனக்கு விளங்கப்படுத்தத் தொடங்கினார்.

"மாமி, இஞ்ச பாருங்கோ. இந்தப் புட்டுத்தான் கரை. இதில இருந்து சடாரெண்டு பள்ளம் இறங்குது, சொதி நிக்கிற இடம். குளிருக்கு பாஸ் எல்லாம் இந்தப் பள்ளத்தின்ர விளிம்பில வந்து ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொண்டு நிக்கும்."

"பாவம், ஹீற்றர் இல்லைப் போல."

"ஓடாது, பாயாது. கோடையில மாதிரித் துரத்திக்கொண்டு வந்து தின்னாது. வாய்க்கு முன்னால கொண்டுபோய் வைச்சு, பொறுமையாப் பாத்துக்கொண்டு இருந்தாத்தான் ஒரு வாய் கடிக்கும்."

"இது மீனைச் சொல்லுறியளோ, என்ர மகளைச் சொல்லுறியளோ?"

மகள் அப்போது வயிற்றில் பிள்ளையோடு கதிரையில் சாய்ந்து கிடந்தாள். அவளுக்கும் அந்த நாட்களில் வாய்க்கு முன்னால் கொண்டுபோய் வைத்தால்தான் சாப்பாடு. நான் சொன்னதற்கு அவள் சிரிக்கவில்லை. சொதிக்குள் போய் நின்ற அவருடைய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பேந்து அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அம்மா, நீங்களும் இவரோட போங்கோ."

"உனக்கென்ன விசரோ? நான் ஏன் ஐஸுக்கு மேல?"

"உங்களை வைச்சுக்கொண்டு இவர் தூரப் போகமாட்டார். மாமியை நடு ஏரியில விட்டிட்டுப் போனவர் எண்டு சனம் கதைக்கும் எண்ட பயம் இருக்கும். கரையோட நிண்டு சின்ன மீனைப் பிடிச்சுக்கொண்டு வருவார்."

"அப்ப நான் நங்கூரமோ?"

"ஓமம்மா. அதுக்கு உங்கட பாரமும் காணும்."

நக்கல் என்னிடமிருந்து போனதுதான், குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்ததைச் சொன்னபோது அவள் குரலில் நக்கல் இல்லை. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, "இவரைத் திருப்பிக் கொண்டுவாங்கோ அம்மா, வேறொண்டும் வேண்டாம்" என்றாள். ஐஸ் உடைந்து யாரோ விழுந்ததை முதல் நாள் செய்தியில் பார்த்திருந்தாள். அந்தப் பயத்தை அப்படியே தூக்கி என் மடியில் வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டாள்.

எங்கள் பக்கத்தில் மாமியார் மருமகனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கலியாணம் முடிந்த நாளிலிருந்து அவர் எனக்குத் தம்பி. பெற்ற பிள்ளையின் புருஷன் எனக்குத் தம்பி என்றால் உறவுமுறை எங்கேயோ முறுகுகிறது. ஆனாலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். அவருடைய பேர் எனக்குத் தெரியும், வாயில் வராது. இதை ஏன் சொல்கிறேன் என்பது போகப் போகத் தெரியும்.

போகிற நாள் காலையில் சீலையை வீட்டில் விட்டுவிட்டு மருமகனின் பழைய ஸ்னோக் காற்சட்டைக்குள் ஏறினேன். இரண்டு சோடி சொக்ஸ் போட்டேன். உள்ளே மெல்லியது, வெளியே நாவல்பழ நிறத்தில் நான் பின்னிய தடித்த கம்பளிச் சொக்ஸ். திருநீற்றைக் கடதாசியில் மடித்து மார்புக்குள் வைத்துக்கொண்டேன். மீன் பிடிக்க ஐஸில் போடுகிற துளையில் மிதக்கிற தூளை வாரி எடுக்கிற கரண்டியைக் காணவில்லை என்று அவர் வீடெல்லாம் தேடினார். வடை பொரிக்கிற என் ஓட்டைக் கரண்டியைக் கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டு, "இது அதைவிடத் திறம் மாமி" என்றார்.

ஏரி என்று அவர் காட்டிய இடத்தில் தண்ணீரே இல்லை. வெள்ளைத் தரை. அதற்கு மேல் சனம் காரை நிறுத்தியிருந்தது. நத்தார், அதுதான் கிறிஸ்மஸ், முடிந்து வீடுகளில் எறிந்த மரங்களை வரிசையாக ஐஸில் நட்டு, பாதை போட்டிருந்தார்கள். அந்த மரங்களைப் பிடித்துக்கொண்டு போனால் பயமில்லை என்றார். அவற்றுக்கு அங்கால் எங்கேயோ ஆற்றுத் தண்ணீர் அடியில் ஓடுகிறதாம், அந்தப் பக்கம் ஐஸ் மெல்லிசாம்.

"எங்கயோ எண்டா எங்க?"

"அது ஒவ்வொரு வருசமும் மாறும் மாமி."

நான் அந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். அவர் ஒரு இரும்புக் கம்பியால் எனக்கு முன்னால் தட்டித் தட்டிக் காட்டினார். டக் டக் என்று கேட்டால் நல்ல ஐஸாம், தொப் என்று கேட்டால் திரும்பிவிட வேண்டுமாம். பிறகு தன் கழுத்தில் ஒரு கயிற்றைப் போட்டார். அதன் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த ஆணி. விழுந்தால் ஐஸில் குத்திப் பிடித்து ஏறுவதற்கு. அதே மாதிரி இன்னொன்றை என் கழுத்துக்குக் கொண்டுவந்தார்.

"வேண்டாம் தம்பி. கழுத்தில ஒருக்காக் கயிறு கட்டிப் பட்டதே காணும்."

சிரித்துக்கொண்டே போட்டுவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் விரலால் அந்த ஆணியின் கூர்முனையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி மரங்களுக்குக் கொஞ்சம் முன்னால் கூடாரத்தை விரித்தார். பக்கத்தில் ஒரு மரக்கொட்டில் இருந்தது, புகைபோக்கியோடு. அதன் வாசலில் வெள்ளைத் தாடியோடு ஒரு பெரிய மனுசன் நின்று கையசைத்தார். "போன்ஜூர்" என்றேன். என்னிடம் இருந்த பிரெஞ்சில் கால்வாசி அத்தோடு போய்விட்டது.

மருமகன் கூடாரத்துக்குள் துளை போட்டார். துளை போடுகிற மெசின் கரகரவென்று இறங்கி, வெள்ளையெல்லாம் மேலே வந்து, கடைசியில் குபுக்கென்று தண்ணீர் வழிந்தது. நான் காலைத் தூக்கிக்கொண்டேன். வட்டமான துளை, என்னுடைய தோசைக்கல் அளவுதான். ஆனால் அதற்குள் பார்த்தேன், கறுப்பு. அடி தெரியவில்லை. இவ்வளவு நேரமும் தரையில் நடப்பதாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தது ஒரு நொடியில் போய்விட்டது. நான் தண்ணீருக்கு மேலே ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்து உட்கார்ந்திருக்கிறேன். திருநீற்றை எடுத்துத் துளையைச் சுற்றித் தூவினேன்.

"மாமி, மீன் தும்மப்போகுது."

"தும்மினாப் பிடிக்க லேசு. நீங்கள் உங்கட அலுவலைப் பாருங்கோ."

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. எங்கேயோ தூரத்தில் தொடங்கி எங்கள் காலுக்கு அடியால் போய் மற்றப் பக்கத்தில் முடிந்தது. கீழ்வீட்டில் யாரோ பெரிய அலுமாரியை இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. நான் அவருடைய கையைப் பிடித்துவிட்டேன்.

"அது நல்ல சத்தம் மாமி. ஐஸ் தடிக்கேக்க அப்பிடித்தான் கத்தும்."

"அப்ப கெட்ட சத்தம் எப்பிடிக் கேக்கும்?"

கொஞ்சம் யோசித்தார். "கெட்டதுக்குச் சத்தம் பெரிசா இராது" என்றார்.

கேட்காமல் இருந்திருக்கலாம்.

மீன் பிடிக்கிற முறையைச் சொல்லித் தந்தார். தூண்டில் தடி அகப்பைக் காம்பு அளவுதான். நூல் நுனியில் முருங்கை விதை அளவில் ஈயத்துண்டு, அதில் ஒரு றப்பர்ப் புழு. அதை அடி தட்டும்வரை இறக்கி, பிறகு ஒரு சாண் மேலே தூக்க வேண்டும். ஆட்டக் கூடாது. ஆட்டாமலும் இருக்கக் கூடாது. குளிரில் மீனுக்குச் சோம்பல், பெரிதாக ஆட்டினால் ஒதுங்கிவிடும். அந்தப் புழுவுக்கே குளிருகிற மாதிரி மெல்ல ஒரு நடுக்கம், பிறகு அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். கடித்தாலும் வெடுக்கென்று இழுக்காதாம். நூல் கொஞ்சம் பாரமாகும், இல்லாவிட்டால் தளரும், அவ்வளவுதான்.

இதைச் செய்துகாட்ட அவர் பட்ட பாடு! கை கூடுதலாக ஆடும், அல்லது மரம் மாதிரி நிற்கும். நான் ஒன்றும் செய்யவில்லை. தடியைப் பிடித்துக்கொண்டு பயத்தில் இருந்தேன். என் கை தானாக நடுங்கியது. அலுமாரிச் சத்தம் வரும்போது கொஞ்சம் கூட நடுங்கியது, போனதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றது. நூல் பாரமாகியது. இழுத்தால் மஞ்சள் கோடு போட்ட சின்ன மீன் ஒன்று. பிறகு இன்னொன்று. பக்கத்தில் அவர் தனக்கென்று போட்ட துளையில் ஒன்றும் இல்லை.

"என்ன மாமி செய்யிறியள்?"

"பயப்பிடுறன்."

"நல்லாப் பயப்பிடுங்கோ. உங்கட கைதான் சரியான கை."

ஆனால் அவை அவர் தேடி வந்த மீன் இல்லை. பாஸ் பள்ளத்தின் விளிம்பில் நிற்கிறது, இங்கே வராது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நான் காது கேட்காதவள் மாதிரி இருந்தேன். கடைசியில் மெசினைத் தோளில் போட்டுக்கொண்டு எழும்பினார்.

"மரம் முடியிற இடம் வரைக்கும்தான் மாமி. நாலைஞ்சு துளை போட்டுப் பாத்திட்டு ஓடிவாறன். இந்த நூலை விட்டிடாதேங்கோ."

"தம்பி, உங்கட பெண்சாதி என்னை ஏன் அனுப்பினவ எண்டு தெரியுமோ?"

"தெரியும் மாமி. அதுக்குத்தானே உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான். நீங்கள் வராட்டி அவ என்னை வெளிக்கிட விட்டிருக்கமாட்டா."

நங்கூரம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் அவர் ஏரிக்கு வர எடுத்த ரிக்கெற். ஒருவரைப் பகிடி பண்ணுவதென்றால் எனக்கு அலுக்காது, ஆனால் என்னை ஒருவர் இவ்வளவு சுத்தமாக மடக்கியதில்லை. சிரித்துவிட்டேன். சிரித்து முடிய அவர் வெளியே போய்விட்டார்.

கூடாரத்தின் வாயை விலக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய நீலச் சட்டை சின்னதாகிக்கொண்டே போனது. மெசின் சத்தம் ஒருதரம் கேட்டது, பிறகு இன்னும் தூரத்தில் ஒருதரம். காற்று எழும்பியது. வானத்திலிருந்து ஸ்னோ விழவில்லை. கிடந்த ஸ்னோவைக் காற்று தரையிலிருந்து கிளப்பி மாவு சலிக்கிற மாதிரி ஊற்றத் தொடங்கியது. கடைசி மரம் மறைந்தது. அதற்கு முந்தின மரம் மறைந்தது. யாரோ ஒரு ஈரத் துணியோடு எங்களை நோக்கித் துடைத்துக்கொண்டு வருகிற மாதிரி, ஒவ்வொரு மரமாகப் போனது. நீலச் சட்டையைக் காணவில்லை.

ரெலிபோனை எடுத்து அவருக்கு அடித்தேன். மணி என் காலடியில் கேட்டது. குளிருக்குப் பற்றரி செத்துவிடும் என்று கூடாரத்துக்குள் எரிந்த சின்ன ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அது பாடிப் பாடி ஓயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்தது மகளின் நம்பர். விரல் அதற்கு மேலே போய் நின்றது. என்ன சொல்வேன்? "பிள்ளை, உன்ர நங்கூரம் கூடாரத்துக்குள்ள இருக்கு, கப்பலைக் காணேல்லை" என்றா? ரெலிபோனை மூடிவிட்டேன்.

வெளியே வந்து கத்தினேன். பேரைச் சொல்லிக் கத்தியிருக்க வேண்டும். வாய் வரவில்லை. பழக்கம் அப்படி.

"தம்பீ! தம்பீ!"

காற்று அதை என் வாயிலேயே திருப்பி அடைத்தது. வீசுகிற காற்றுக்குள் மெசின் சத்தம் இல்லை, அலுமாரிச் சத்தமும் இல்லை. கெட்டதுக்குச் சத்தம் பெரிசா இராது என்று அவர் சொன்னது நினைவில் வந்தது.

கொட்டில் கதவு திறந்து வெள்ளைத் தாடிக்காரர் தலையை நீட்டினார். "சா வா, மடாம்?" என்றார். சுகமா என்றுதான் கேட்டிருப்பார். எனக்கு வாயில் தானாக வந்தது.

"ஓம்."

அவருடைய முகம் மாறியது. "ஓம்?" என்று திருப்பிக் கேட்டார்.

"ஓம், ஓம்!" கையை நீட்டி அந்த வெள்ளையைக் காட்டினேன். "தம்பி! தம்பி!"

"தொம்பே?"

கொஞ்சம் கொன்னையாகச் சொன்னார், ஆனாலும் சொன்னார். இந்தக் குளிரில் ஒரு வெள்ளைக்காரனுக்கு என் தமிழ் விளங்கிவிட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஓம்! தம்பி! தம்பி!" என்று அவருடைய சட்டையைப் பிடித்து உலுப்பினேன்.

மனுசன் விசிலை எடுத்து ஊதினார். வேறு கொட்டில்களிலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர்களுக்குள் சடசடவென்று கதைத்தார்கள், அதற்குள் "ஓம்" கேட்டது, "தொம்பே" கேட்டது. எல்லாரும் என் பாஷை கதைக்கிறார்கள். கயிற்றுச் சுருள் வந்தது. நீள ஏணி ஒன்று வந்தது. ஐஸில் ஓடுகிற மோட்டார் வண்டிக்குப் பின்னால் சறுக்குப் பலகையைக் கட்டினார்கள். நானும் வருகிறேன் என்று பலகையில் ஏறப் பார்த்தேன். தாடிக்காரர் இரண்டு கையாலும் என் தோளை அமத்தி, கூடாரத்தைக் காட்டினார். போய் இரு என்பதற்கு மொழி தேவையில்லை.

வண்டி வெள்ளைக்குள் போனது. சத்தமும் போனது.

உள்ளே வந்து வாளியில் இருந்தேன். தடி கிடந்த இடத்தில் கிடந்தது. நூலை விட்டிடாதேங்கோ என்று சொல்லிவிட்டுப் போனவர். எடுத்துப் பிடித்தேன். விட்டால் அவருக்கு ஏதோ ஆகிவிடும் என்று ஒரு எண்ணம். விசர் எண்ணம்தான், ஆனால் அந்த நேரம் எனக்கு இருந்த ஒரே வேலை அதுதான். கை நடுங்கியது. அது முந்தின நடுக்கம் இல்லை. முழங்கையிலிருந்து தொடங்கித் தோள் வரை போகிற நடுக்கம். வீட்டில் ஒருத்தி வயிற்றோடு சாய்ந்து கிடக்கிறாள். அவளிடம் போய் நான் எந்த வாயால் கதைப்பேன்? என்னிடம் இருக்கிறது ஒரு பகிடி வாய் மட்டும்தான்.

அப்போது நூல் பாரமாகியது.

இழுக்கவில்லை, வெட்டவில்லை. யாரோ அடியில் நின்று மெல்லப் பிடித்துக்கொண்ட மாதிரி. எனக்கு ஒரே ஒரு எண்ணம்தான் வந்தது. அதை எழுதவே இப்போதும் விரல் குளிருகிறது. ஐஸுக்கு அடியால் வந்து, இந்தத் துளைக்குக் கீழே, அவர் என் நூலைப் பிடித்திருக்கிறார்.

"தம்பி?" என்று துளைக்குள் குனிந்து கேட்டேன்.

நூல் ஒரு பக்கமாக நகர்ந்தது. விடவும் பயம், இழுக்கவும் பயம். கண்ணை மூடிக்கொண்டு கையால் நூலைச் சுருட்டிச் சுருட்டி இழுத்தேன். பிள்ளையாரே, கையாக இருக்கக் கூடாது, கையாக இருக்கக் கூடாது. தண்ணீர் சளக்கென்றது. கண்ணைத் திறந்தேன். கறுப்புக்குள்ளிருந்து ஒரு பெரிய வாய் திறந்துகொண்டு வந்தது.

மீன். பச்சையும் கறுப்புமாக, என் முழங்கை நீளத்துக்கு. அவர் கோடையில் பிடித்துப் படம் எடுத்துக் காட்டுகிற அதே மீன். பாஸ். பள்ளத்தில் நிற்கும், இங்கே வராது என்று அவர் சொன்ன மீன், அவர் அதைத் தேடிப் போன நேரத்தில் என்னைத் தேடி வந்திருக்கிறது.

அது ஐஸில் கிடந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. நான் அதற்கு முன்னால் முழங்காலில் நின்றேன். வேறு நாளென்றால் தலையைச் சொதிக்கும் நடுத்துண்டைப் பொரியலுக்கும் மனதில் வெட்டியிருப்பேன். அன்றைக்கு அதன் வாயிலிருந்து தூண்டிலைக் கழற்றி, இரண்டு கையாலும் தூக்கினேன். "இவனை நான் விடுறன், நீ அவரை விடு" என்று சொன்னேன். யாருக்குச் சொன்னேன் என்று தெரியாது. பிள்ளையாருக்கா, தண்ணீருக்கா. தலையைக் கீழாக வைத்துத் துளைக்குள் விட்டேன். வாலை ஒருதரம் ஆட்டி என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டுப் போய்விட்டது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. முகத்தில் பட்ட தண்ணீர் கண்மயிரில் ஐஸாகிவிட்டது. பிறகு மோட்டார் சத்தம் கேட்டது.

சறுக்குப் பலகையில் மூன்று கம்பளிக்குள் ஒரு மூட்டை கிடந்தது. மூட்டைக்குள்ளிருந்து, "மாமி, பயப்பிடாதேங்கோ" என்று குரல் வந்தது. நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டேன். மருமகனைக் கும்பிடுகிற முறை எங்கேயும் இல்லை.

தாடிக்காரரின் கொட்டிலில் விறகு அடுப்பு எரிந்தது. அங்கே வைத்துத்தான் நடந்ததைச் சொன்னார். மரம் எதுவும் தெரியவில்லையாம். கரை இந்தப் பக்கம் என்று நினைத்து நடந்தது மறுபக்கமாம். கம்பியால் தட்டிக்கொண்டுதான் போனாராம், ஆனால் காற்றில் டக் எது, தொப் எது என்று கேட்கவில்லை. இடது கால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஆணியைக் குத்திக் காலை இழுத்து எடுத்து, குப்புறப் படுத்துக்கொண்டாராம். அதற்கு மேல் அசையவில்லை. சுற்றி எல்லாப் பக்கமும் அடியில் தண்ணீர் ஓடுவது வயிற்றில் தெரிந்ததாம்.

காலணியைக் கழற்றினார்கள். சொக்ஸ் பலகை மாதிரி விறைத்திருந்தது. நான் என் காலில் இருந்த நாவல் நிறச் சொக்ஸைக் கழற்றி, அவருடைய காலை என் மடியில் இழுத்து வைத்துத் தேய்த்தேன்.

"ஐயோ, வேண்டாம் மாமி. நீங்கள் என்ர காலைத் தொடக்கூடாது."

"காலைத் தொடக்கூடாதெண்டா காலை ஐஸுக்குள்ள விட்டிருக்கக் கூடாது. பேசாமல் கிடவுங்கோ."

சொக்ஸை முழங்கால் வரை ஏற்றிவிட்டேன். அவர் அழுதாரா, ஐஸ் கரைந்ததா, நான் பார்க்கவில்லை. தாடிக்காரர் ஒரு கோப்பி கொண்டுவந்து கொடுத்து, என்னைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். மருமகனின் நெற்றி சுருங்கியது.

"மாமி, நீங்கள் இவரோட பிரெஞ்சு கதைச்சனீங்களோ?"

"எனக்கு எங்க பிரெஞ்சு? தமிழ்தான் கதைச்சனான். அவருக்கு நல்லா விளங்கினது."

"என்ன சொன்னனீங்கள்?"

"சுகமோ எண்டு கேட்டார், ஓம் எண்டன். பேந்து உங்களைக் காட்டித் தம்பி, தம்பி எண்டன்."

அவர் என்னைப் பார்த்தார். தாடிக்காரரைப் பார்த்தார். விறைத்த உதட்டோடு சிரிக்க முடியாமல் சிரித்தார்.

"மாமி, பிரெஞ்சில ஓம் எண்டா ஆம்பிளை. தொம்பே எண்டா விழுந்திட்டார். ஆம்பிளை ஒருத்தர் விழுந்திட்டார், விழுந்திட்டார் எண்டு நீங்கள் கத்தியிருக்கிறியள்."

அவர் தாடிக்காரரிடம் இன்னும் ஏதோ கேட்டு, சிரிப்பை நிறுத்திவிட்டு மெல்லச் சொன்னார்.

"விழுந்திட்டார் எண்டு கேட்டபடியாத்தான் ஏணியும் கயிறும் எடுத்துக்கொண்டு, தூரவே வண்டியை நிப்பாட்டிப் போட்டுத் தவண்டு வந்தவையாம். ஆளைக் காணேல்லை எண்டு சொல்லியிருந்தா, வழமையான கதைதானே எண்டு கொஞ்சம் பொறுத்துப் பாத்திருப்பினமாம். இல்லாட்டி வண்டியோட நேரா என்னட்ட வந்திருப்பினமாம்."

வண்டியோடு நேராக வந்திருந்தால் அந்த ஐஸ் தாங்கியிருக்காது. அடுப்பில் விறகு வெடித்தது. மூவருமே துள்ளினோம்.

காரில் திரும்பும்போது மீனைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு உடனே உயிர் வந்துவிட்டது.

"பாஸோ? எங்கட துளையிலயோ? எவ்வளவு பெரிசு மாமி?"

கையை விரித்துக் காட்டினேன்.

"எங்க அது?"

"விட்டிட்டன்."

"ஏன் விட்டனீங்கள்?"

"உங்களுக்கு மாத்தாக் குடுத்தனான். எனக்குப் பேரம் பேசத் தெரியாது, பெரிய மீனைக் குடுத்திட்டன்."

நம்பவில்லை. இன்றைக்கும் நம்பவில்லை. மாமி விடுகிற கதைகளில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறார்.

வீட்டுத் தெருவில் காரை நிறுத்தியதும், மகளிடம் எதையும் சொல்வதில்லை, பிள்ளை பிறக்கட்டும் என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம். அவர் நொண்டாமல் படி ஏறப் பழகிக்கொண்டார். மேலே கதவைத் திறந்துகொண்டு அவள் நின்றாள். காலையிலிருந்து அந்தக் கதவிலேயே நின்றவள் மாதிரி முகம்.

"அம்மா, இவர் கரையோடதானே நிண்டவர்?"

"ஓம்" என்றேன்.

பிரெஞ்சில் சொன்னேன், அதில் அது பொய் இல்லை. அவள் எந்த மொழி என்று கேட்கவில்லை. அவளுடைய தோள் இறங்கியது, மூச்சு வந்தது. நான் என்னை மெச்சிக்கொண்டு காலணியைக் கழற்றி உள்ளே கால் வைத்தேன். மருமகன் வாசலில் குனிந்து, வழமை போலக் காலணியைக் கழற்றினார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டபோது அதை யோசிக்கவில்லை.

அவள் கீழே பார்த்தாள். வலது காலில் அவருடைய சாம்பல் நிறச் சொக்ஸ். இடது காலில் முழங்கால் வரைக்கும் என் நாவல் நிறச் சொக்ஸ். பிறகு என் காலைப் பார்த்தாள், ஒன்றில் மட்டும்தான் நாவல் நிறம்.

எனக்கு எந்த நேரத்திலும் ஒரு பகிடி கைவசம் இருக்கும். அப்போது வரவில்லை.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தி, அந்தச் சொக்ஸோடு சேர்த்து அவருடைய காலை இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் கை நடுங்கியது. அந்த நடுக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். நடுங்கினாலும் பிடி விடவில்லை.